பிழைத்த பிள்ளைக்குப் பள்ளியும் வேண்டும்

திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து குழந்தை வீடு திரும்பினால், கண்டம் கழிந்தது என்கிறோம். ஆனால், மூளைக்காய்ச்சலில் பிழைத்த சில குழந்தைகளுக்கு வலிப்பு, காதுகேளாமை, கைகால் பலவீனம், மறதி ஆகியவை தொடர்கின்றன. வகுப்பில் ‘மக்கு’ எனப் பெயர் வாங்கும் பிள்ளையிடம் இருப்பது நோயின் மிச்சமாக இருக்கலாம்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. ஸ்ரீரங்கம் பகுதி வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் தாய், பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துவரும் நாளில் இழக்கும் கூலியை யார் தருவது? நிலமில்லாத தலித் குடும்பம் வட்டிக்கு வாங்கும். இல்லாவிட்டால் பயிற்சியை நிறுத்தும். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காளின் படிப்பும் நிற்கும்.

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து 18 வயது வரை இலவசமாகப் பரிசோதிக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பள்ளிக்கு வர இயலாதவருக்கு வீட்டிலேயே கற்பிக்கவும் அரசுத் திட்டம் உண்டு.

டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். மாணவர்களே, உங்கள் தெருவில் அப்படியொரு வீடு இருந்தால், மனு எழுதிக் கொடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.