டிக்கி திறக்காவிட்டால்...

பேட்டரியைக் கழற்றிவிட்டால் இன்றைய கார் தன் சொந்தக்காரருக்கே டிக்கியைத் திறந்துவிடுவதில்லை. மாற்று வழி உண்டு. அதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பவர்கள்தான் குறைவு.

வாளையாரிலோ குமுளியிலோ சோதனைச் சாவடியில் நிறுத்தப்படும் காரோட்டியின் காதில் விழும் முதல் உத்தரவு பெரும்பாலும் இதுதான்: டிக்கியைத் திறங்கள். பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையில் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். இடுக்கி எல்லையில் சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு. எந்த வழியாகப் போனாலும் கதை ஒன்றுதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிக வரிச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் எரிசாராயமும் கஞ்சாவும் தேடும் கலால் துறையினரின் சோதனை நின்றுவிடவில்லை.

ஓட்டுநர் பொத்தானை அழுத்துகிறார். 'டக்' என்ற ஓசையுடன் டிக்கி திறக்கிறது. அந்த ஓசைக்குப் பின்னால் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது என்பது, அது இல்லாத நாளில்தான் உறைக்கும்.

அந்த நாள் பல விதங்களில் வருகிறது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் விடுமுறை முடிந்து திரும்பும்போது, ஷெட்டில் நிறுத்திய காரின் பேட்டரி ஒயரைக் கழற்றிவைத்துவிட்டுப் போவது வழக்கம். காரணம் நியாயமானதுதான். நின்றுகொண்டிருக்கும் காரிலும் கடிகாரம், அலாரம், ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் பூட்டு எல்லாம் சேர்ந்து சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் பேட்டரி காலி. இடுக்கியில் வேறு தொல்லை. மூணாறின் ஜனவரி இரவுகளில் குளிர் பூஜ்யத்தை எட்டிப்பார்க்கிறது; வயதான பேட்டரி விடியும்போது எழுந்திருப்பதில்லை. மழைக்காலத்தில் வெள்ளம். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது எத்தனையோ கார்களும் மூழ்கின. தண்ணீரில் நின்ற காருக்கு மெக்கானிக்குகள் சொல்லும் முதல் வைத்தியம், சாவியைத் திருப்பாமல் பேட்டரியைக் கழற்றுவது.

ஒருவழிப் பாதை

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டிக்கி திறக்கத்தான் மின்சாரம் வேண்டும், மூட வேண்டாம். பூட்டின் கொக்கி வெறும் ஸ்பிரிங்கால் இயங்குவது. ஓங்கி அடித்தால் மாட்டிக்கொள்ளும். அதை விடுவிக்கும் வேலைதான் சின்ன மோட்டாருடையது. எனவே பேட்டரியைக் கழற்றிய பிறகு, திறந்துகிடக்கும் டிக்கியை யாராவது அடித்து மூடினால் அது ஒருவழிப் பாதை. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் உள்ளே. பேட்டரி முனையைத் திரும்ப முடுக்கத் தேவைப்படும் 10 மி.மீ. ஸ்பேனரும் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

பழைய கார்களுக்கு இந்தச் சிக்கல் தெரியாது. 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரில் டிக்கிக்குச் சாவித் துவாரம் இருந்தது. சாவியை நுழைத்துத் திருகினால் முடிந்தது. அடுத்த தலைமுறைக் கார்கள் பலவற்றில் ஓட்டுநர் இருக்கைக்கு அருகே ஒரு நெம்புகோல். அதிலிருந்து பின்பக்கம்வரை ஓடும் இழுவைக் கம்பி. அதற்கும் மின்சாரம் தேவையில்லை. பிறகு துவாரமும் மறைந்தது, நெம்புகோலும் மறைந்தது. எஞ்சியது ஒரு பொத்தான்.

நான்கு வழிகள்

நல்ல வேளையாக, கார் செய்பவர்கள் கொல்லைப்புற வழியை அடியோடு அடைத்துவிடவில்லை. முதல் வேலை காருக்குள் நுழைவது. ரிமோட் சாவிக்குள்ளேயே பெரும்பாலும் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. பக்கவாட்டுக் குமிழைத் தள்ளினால் வெளியே வரும். ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் அதற்கான துவாரம் இருக்கும். சில கார்களில் பிளாஸ்டிக் மூடி அதை மறைத்திருக்கும். டிக்கியிலும் துவாரம் இருந்தால் வேலை அத்தோடு முடிந்தது. இது முதல் வழி.

இரண்டாவது, உள்ளே இழுவை நெம்புகோல் இருக்கிறதா என்று பார்ப்பது.

மூன்றாவது, மின்சாரத்தைத் திரும்பக் கொடுப்பது. பானெட் பெரும்பாலான கார்களில் இன்றும் இழுவைக் கம்பியால் திறப்பதுதான். பேட்டரியும் பெரும்பாலும் அங்கேதான். நல்ல பேட்டரியென்றால் கழற்றிய ஒயரை மாட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும். பேட்டரி செத்திருந்தால் பக்கத்துக் காரிலிருந்து கேபிள் போட வேண்டும். முதலில் பாசிட்டிவோடு பாசிட்டிவ். பிறகு நல்ல பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வரும் கறுப்புக் கேபிளை, செத்த காரின் எஞ்சினில் பேட்டரிக்குத் தள்ளியுள்ள வெறும் இரும்பில் கடைசியாக மாட்ட வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். வரிசை மாறினால் ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர்களின் பக்கமே கை போகக் கூடாது.

நான்காவது, முதுகெலும்புக்குப் பயிற்சி. பின் இருக்கையை மடக்கி டிக்கிக்குள் ஊர்ந்து போக வேண்டும். ஹாட்ச்பேக், எஸ்.யூ.வி. வகைகள் பலவற்றில் பின்கதவின் உட்பக்கம், பூட்டுக்கு நேராக ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை நெம்பி, உள்ளே தெரியும் நாக்கை ஸ்குரூடிரைவரால் தள்ளினால் கதவு திறக்கும். செடான் கார்களில் இருக்கையை மடக்கும் விசையையே சில சமயம் டிக்கிக்குள் வைத்திருக்கிறார்கள் என்பது வேடிக்கை.

அதைவிட வேடிக்கை, பேட்டரியையே டிக்கியில் வைத்திருக்கும் பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் ரகங்கள். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. அவற்றில் பலவற்றுக்குப் பானெட்டுக்கு அடியில் சிவப்பு மூடி போட்ட மின்முனை ஒன்று தந்திருக்கிறார்கள். கேபிளை அங்கே மாட்ட வேண்டும்.

செய்யக் கூடாதது, கடப்பாரை வைத்து நெம்புவது. வளைந்த தகட்டை நிமிர்த்த ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மெக்கானிக் வரும்வரை காத்திருப்பது லாபம். மின்சாரம் திரும்பியதும் சில கார்கள் தாமாகப் பூட்டிக்கொள்வதும் உண்டு. சாவி சட்டைப் பையில் இருப்பது நல்லது.

உள்ளே யாராவது இருந்தால்

சாமான் சிக்கினால் காத்திருக்கலாம். குழந்தை சிக்கினால்? 1998 ஜூலை, ஆகஸ்டில் அமெரிக்காவில் மூன்று சம்பவங்களில் 11 குழந்தைகள் டிக்கிக்குள் அகப்பட்டு இறந்தார்கள். அதற்கு முன்பே, 1995-ல் கணவரோடு சொந்தக் காரின் டிக்கியில் அடைத்துக் கடத்தப்பட்டு உயிர் தப்பிய ஜேனட் ஃபெனல் என்ற பெண்மணி, உள்ளிருந்து திறக்க ஒரு கைப்பிடி வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தார். 2001 செப்டம்பர் 1 முதல், தனி டிக்கி கொண்ட புதிய கார்களுக்கு அந்த நாட்டில் அது கட்டாயம். இருட்டில் ஒளிரும் அந்தக் கைப்பிடியை அங்கே விற்கும் செடான்களில் பார்க்கலாம்.

நம் ஊரிலும் ஆபத்து கற்பனையல்ல. 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில், நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடிய 4 குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத்திணறி இறந்தார்கள். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் கார் பூட்டியே இருக்க வேண்டும். சாவி குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். உள்ளே குழந்தை சிக்கியது தெரிந்தால் மேற்சொன்ன நான்கு வழிகளையும் ஆராய நேரமில்லை. கண்ணாடியை உடைப்பதுதான் வழி.

மற்றபடி இது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையின் வேலை. காரோடு வந்த கையேட்டில் டிக்கி பற்றிய பக்கத்தைப் புரட்டி, இரும்புச் சாவி எங்கே, நெம்புகோல் எங்கே, பின்கதவின் சின்ன மூடி எங்கே என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடலாம். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் டயர் பஞ்சராகி நிற்கும்போது தேடுவதைவிட இது சுலபம். அப்படியே அந்த 10 மி.மீ. ஸ்பேனரையும் ஒரு ஸ்குரூடிரைவரையும் டிக்கியிலிருந்து எடுத்து முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியில் போட்டுவைக்கலாம்.