ஆங்கிலச் சொல்வளம்: மனப்பாடம் மட்டும் போதுமா?

நமது குமரி மாவட்டம் கல்வியில் சிறந்தது என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அதற்குச் சான்றும் உண்டு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றோர் 91.75 விழுக்காடு, தமிழகத்தில் இதுவே முதலிடம். ஆயினும், தமிழ்வழியில் பயின்று நல்ல மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகள், கல்லூரி வகுப்பறையிலும் நேர்முகத் தேர்விலும் ஆங்கிலத்தின் முன் நாவடைத்து நிற்பதை நாம் காணாமல் இல்லை. கடலோரச் சிற்றூரிலிருந்து செவிலியர் படிப்புக்குச் சென்ற மகள் விடுதியில் கண்ணீர் வடிக்கிறாள். அறிவுக் குறைவினால் அன்று. பாடநூலின் சொற்கள் புரியாமையினால். வெளிநாட்டு மருத்துவமனைகளில் பணியாற்ற விரும்பும் செவிலியர் பலர் ஆங்கிலத் தேர்வில் தேறியாக வேண்டும். வீட்டுக் கடனும் தம்பியின் படிப்பும் அந்த ஒரு தேர்வை நம்பி நிற்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு.

இந்த அச்சத்தினால் பிள்ளைகள் கடினச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தேடிப் பிடித்து, நாளொன்றுக்கு இருபது சொல் என்று நெட்டுருப் போடுகிறார்கள். திங்களன்று படித்தது சனிக்கிழமைக்குள் மறந்துபோகிறது. 'எனக்கு ஆங்கிலம் வராது' என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். குறை பிள்ளையின் மூளையில் இல்லை. கற்கும் முறையிலேதான் இருக்கிறது.

கடல் கடந்து வந்தவர்கள் கற்ற முறை

அந்நிய மொழியைக் கற்பது எவ்வாறு என்பதற்கு நம் கடற்கரையே பழைய பள்ளிக்கூடம். புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, இரு மொழியும் அறிந்த உள்ளூர் மக்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து ஊர் ஊராகக் கற்பித்தார். அவருக்கிருந்த அவசரத்தில் அதுவே இயன்றது. அவரைப் பின்தொடர்ந்து வந்த அன்றிக்கே அடிகளாரோ தமிழின் அமைப்பையே ஆராய்ந்து, அதற்கு இலக்கணம் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. மனப்பாடம் வாசலைத் திறந்துவிடும்; வீட்டுக்குள் குடியிருக்க வேண்டுமானால் மொழியின் உள்ளமைப்பை அறிய வேண்டும்.

இத்தாலி நாட்டில் பிறந்த வீரமாமுனிவர் இதனை இன்னும் தெளிவாகக் காட்டினார். அவர் 1732-இல் தொகுத்த 'சதுரகராதி', பெயரிலேயே சொல்வதுபோல, நான்கு அகராதிகள் சேர்ந்த ஒரு நூல். பெயரகராதி சொல்லுக்குப் பொருள் கூறும். பொருளகராதி ஒரு பொருளுக்குரிய பல சொற்களைக் கூறும். தொகையகராதி இனஞ்சேர்ந்தவற்றைத் தொகுத்துத் தரும். தொடையகராதி ஓசையால் ஒத்த சொற்களை வரிசைப்படுத்தும். ஆக, ஒரு சொல்லை நான்கு கயிறுகளால் நினைவில் கட்டலாம் என்று ஆகிறது.

நால்வகைக் குறிப்பேடு

நம் பிள்ளைகளும் இம்முறையைப் பின்பற்றலாம். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளட்டும்.

முதற் பகுதியில், படிக்கும்போது எதிர்ப்பட்ட புதிய சொல்லையும், அது வந்த முழு வாக்கியத்தையும் எழுதட்டும். தனிச்சொல் மறந்துபோகும், வாக்கியம் மறவாது.

இரண்டாம் பகுதியில், ஒரே பொருளைச் சுற்றி நிற்கும் சொற்களை எழுதட்டும். 'பேமஸ்' என்றாலும் 'நொட்டோரியஸ்' என்றாலும் பலரும் அறிந்தவன்தான். ஆனால் முன்னது புகழ், பின்னது இகழ். 'திரிஃப்டி' சிக்கனக்காரனைக் குறிக்கும். 'ஸ்டிஞ்சி' கஞ்சனைக் குறிக்கும். இந்த வேறுபாட்டை அறியாதவர், வாழ்த்த எண்ணி வைதுவிடக்கூடும்.

மூன்றாம் பகுதியில், சேர்ந்து வாழும் சொற்களை எழுதட்டும். ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', தேநீர் 'ஸ்ட்ராங்'. இதை மாற்றிச் சொன்னால் பொருள் விளங்கும். ஆனால் கேட்பவர் முகம் சுளிப்பார்.

நான்காம் பகுதியில், ஓசையால் மயக்குபவற்றை எழுதட்டும். கல்லூரி முதல்வரைக் குறிக்கும் 'பிரின்சிபல்' ஒன்று. கொள்கையைக் குறிக்கும் 'பிரின்சிபில்' வேறொன்று. எழுத்து வேற்றுமை சிறிது. பொருள் வேற்றுமை பெரிது.

நாளொன்றுக்கு ஐந்து சொல் போதும். ஆனால் மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் அந்தப் பக்கத்தை மூடிவைத்து நினைவுகூர்ந்து பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, பாராமல் நினைவுகூர முயல்வதே சொல்லை உள்ளத்தில் நிலைநிறுத்தும்.

வேர் அறிந்தால் கிளை தெரியும்

ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்களில் பெரும்பகுதி இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்தவை. இவ்விரு மொழிகளின் ஓசை நமக்குப் புதிதன்று. எழுபது வயதைக் கடந்த தாத்தா பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன் இலத்தீனில் நடந்த திருப்பலி அவர்கள் நினைவில் இருக்கும். விசுவாசப் பிரமாணத்தின் முதற்சொல் 'கிரேதோ'. 'நம்புகிறேன்' என்பது பொருள். அந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை எத்தனை! நம்பிக் கொடுப்பது 'கிரெடிட்', நம்பத்தக்கது 'கிரெடிபிள்', நம்பவியலாதது 'இன்கிரெடிபிள்', எதையும் எளிதில் நம்பிவிடுகிறவன் 'கிரெடுலஸ்'.

'பெனெ' என்றால் நன்கு. 'மாலெ' என்றால் தீங்காக. நன்மொழி கூறி ஆசி வழங்குவது 'பெனடிக்ஷன்'; நன்மை செய்பவர் 'பெனிஃபாக்டர்'; தீய எண்ணமுடையது 'மெலவலன்ட்'. நாம் அஞ்சும் 'மலேரியா'வும் இவ்வினமே. கெட்ட காற்றினால் வருவது என்று முற்காலத்தோர் கருதியதால் இத்தாலியர் இட்ட பெயர் அது. கிரேக்கத்தில் 'ஹொதோஸ்' என்றால் வழி. கூடி நடக்கும் வழி 'சினட்'. வெளியேறும் வழி 'எக்ஸோடஸ்'. செய்யும் வழி 'மெத்தட்'. ஆயர் மன்றமும் விடுதலைப் பயண நூலும் பள்ளிப் பாடமுறையும் ஒரே பாதையில் சந்திக்கின்றன!

செவிலிய மாணவியருக்கு இது பெருந்துணை. 'டாக்கி' விரைவு, 'பிராடி' மந்தம், 'கார்டியா' இதயம், 'ஹைப்பர்' மிகை, 'ஹைப்போ' குறை, 'ஐட்டிஸ்' அழற்சி. இந்த ஆறும் தெரிந்தால் நோய்ப்பெயர்கள் பல தாமே விளங்கும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வேர் வழிகாட்டுமேயன்றித் தீர்ப்புச் சொல்லாது. 'இன்' என்பது பல சொற்களில் 'இல்லை' என்று பொருள்படும். அதை நம்பி, 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதிய எண்ணெய்ப் பீப்பாய் தீப்பற்றாதது என்று எண்ணிவிட்டால் உயிருக்கே ஆபத்து. எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே அதன் பொருள். ஊகித்த பின் அகராதியில் சரிபார்ப்பது கடமை.

சொல்லின் உள்ளே சென்று பொருள் காணும் வழக்கம் நம் மண்ணுக்கும் உரியது. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது அவருக்கு இட்ட பெயர் லாசரஸ். 'கடவுள் உதவினார்' என்று பொருள்படும் எபிரேயப் பெயரின் உருவம் அது. நம் முன்னோர் அதன் பொருளை உணர்ந்து 'தேவசகாயம்' என்று அழைத்தனர். 2022-இல் புனிதர் பட்டம் பெற்றபோது அந்தப் பெயரே உலகெங்கும் ஒலித்தது.

பெரிய சொல் பெருமை தருமா?

கடினச் சொற்களை அடுக்கிப் பேசுவதே உயர்ந்த ஆங்கிலம் என்று சிலர் மயங்குகின்றனர். அது தவறு. 'தூங்கினான்', 'உறங்கினான்', 'துயின்றான்' மூன்றும் ஒன்றே. ஆயினும் இடம் வேறு. 'உறக்கம்' நாஞ்சில் நாட்டு வீட்டுத் திண்ணையில் அன்றாடம் புழங்குகிறது. 'பிள்ளை துயில்கிறது' என்று இங்கே ஒரு தாய் சொன்னால் சிரிக்கமாட்டோமா? ஆங்கிலத்திலும் அப்படியே. எளிய சொல் போதுமான இடத்தில் எளிய சொல்லே அழகு. கடினச் சொல் தெரிந்திருக்க வேண்டியது, முதலாவதாகப் படித்துப் புரிந்துகொள்வதற்கே.

ஆங்கிலத்தின் முன் தலைகுனியவும் வேண்டியதில்லை. நம் மீனவரின் கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகியும், சுருட்டு 'செரூட்' ஆகியும், மிளகுத் தண்ணீர் 'மல்லிகடானி' ஆகியும் ஆங்கில அகராதியில் ஏறியுள்ளன. ஆனால் இன்று மேலைநாட்டார் 'கேட்டமரான்' என்பது இரட்டை உடல் கொண்ட படகை. கடல் கடந்த சொல் பொருள் மாறிவிடுகிறது! கடன் வாங்கிய சொற்களாலேயே செழித்த மொழியை அஞ்சுவானேன்?

பெற்றோர்களே!

'எங்களுக்கே ஆங்கிலம் தெரியாது. நாங்கள் எப்படி உதவுவது?' என்று கேட்கிறீர்களா? தாராளமாக உதவலாம். இரவு உணவுக்குப்பின் கால்மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். அன்று கற்ற ஐந்து சொற்களின் பொருளைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் பிள்ளைக்கு அது புரிந்துவிட்டது என்று பொருள். உச்சரிப்பில் தவறினால் எள்ளி நகையாடாதீர்கள். நகைப்புக்கு அஞ்சிய நாக்கு மீண்டும் அசையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

தமிழை விட்டால்தான் ஆங்கிலம் வரும் என்ற எண்ணத்தையும் அகற்றுங்கள். 1876-இல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ஆங்கிலக் காவியத்தைக் கற்றுத் தேர்ந்து அதைத் தழுவியே 'ஆசிய ஜோதி' படைத்தார். அவருடைய ஆங்கிலப் புலமை, குழந்தையும் பாடும் எளிய தமிழாக மலர்ந்தது. தாய்மொழியில் வேரூன்றிய பிள்ளைக்கு மற்றொரு மொழி பாரமாகாது.

இந்த ஆண்டு நம் இல்லம் ஒவ்வொன்றிலும் ஒரு நால்வகைக் குறிப்பேடு தொடங்கட்டும். நாளுக்கு ஐந்து சொல் என்றால், விடுமுறை நாட்கள் நீங்கலாக ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டும். சொற்கள் பெருகப் பெருக அச்சம் அகலும். அச்சம் அகன்ற பிள்ளை தன் அறிவைத் தானே எடுத்துச் சொல்லும்.