உங்களுக்குத் தெரியுமா? மயங்கிய கணினிக்குப் பக்கத்துக் கணினி வைத்தியம்!

● கணினியில் எல்லா நிரல்களையும் ஆட்டிவைப்பது கெர்னல். அதுவே மயங்கி விழுந்தால் திரை, கீபோர்டு எதையும் நம்ப முடியாது. அதனால்தான் பழுதைத் தேடும் டீபக்கரை இன்னொரு கணினியில் ஓடவிட்டு, இரண்டையும் கேபிளால் இணைக்கிறார்கள்.

● லினக்ஸில் இதற்கான கருவி கேஜிடிபி. அதை வளர்த்தெடுத்ததில் பெரும்பங்கு இந்தியரான அமித் காலேவுக்கு உண்டு. டீபக்கர்களே பிடிக்காது என்று 2000-இல் வெளிப்படையாக எழுதியவர், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். 2008-இல் வந்த 2.6.26 பதிப்பில்தான் கேஜிடிபிக்கு அதிகாரபூர்வ இடம் கிடைத்தது.

● 'பிராசசரின் ரெஜிஸ்டர்களில் என்ன இருக்கிறது?' என்று டீபக்கர் கேபிள் வழியே கேட்க ஐந்தே எழுத்து போதும்: டாலர் குறி, சின்ன 'ஜி', ஹாஷ் குறி, 6, 7. கடைசி இரண்டும், வழியில் எழுத்து எதுவும் சிதையவில்லை என்று சரிபார்ப்பதற்கு. ஒழுங்காக வந்து சேர்ந்தால், எதிர்முனை முதலில் ஒரு கூட்டல் குறியை அனுப்பும்.

● சீரியல் கேபிளின் வழக்கமான உச்ச வேகம் நொடிக்கு 1,15,200 பிட். 8 ஜிபி நினைவகம் முழுவதையும் அதன் வழியே இழுத்தால் எட்டு நாளுக்கு மேல் ஆகும்! ஆகவே தேவையான துண்டை மட்டும் கேட்டு வாங்குகிறார்கள்.

● முழு நினைவகமும் வேண்டுமென்றால் கேடம்ப் இருக்கிறது. ஓரமாக ஒதுக்கிவைத்த இரண்டாவது கெர்னல் விழித்துக்கொண்டு, விழுந்த கெர்னலின் நினைவகத்தைக் கோப்பாகச் சேமிக்கும். 2005-இல் லினக்ஸில் சேர்ந்த இதை உருவாக்கியதில் விவேக் கோயல் உள்ளிட்ட ஐபிஎம் இந்தியப் பொறியாளர்களுக்கு முக்கியப் பங்கு.

● பழைய ஆர்எஸ்-232 சீரியல் கேபிளுக்குச் சொல்லப்படும் நீளம் சுமார் 15 மீட்டர். தெருவுக்குத் தெரு நீளும் செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் செருகினால் அடுப்படிக்கு எட்டாது. ஆனால் விண்டோஸ் 8 முதல் நெட்வொர்க் வழியாகவே விண்டோஸ் கெர்னலை டீபக் செய்யலாம்.

● 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. பூமியிலிருந்த அதே மாதிரிக் கருவியில் கோளாறை வரவழைத்துக் காரணத்தைப் பிடித்தார்கள்: அவசர வேலை, சாதாரண வேலைகளுக்குப் பின்னால் காத்துக் கிடந்தது. திருத்தம் ரேடியோவில் செவ்வாய்க்குப் போனது.

● காரைக்குடி கல்லூரி விடுதியில் ஒரே லேப்டாப்தான் இருக்கிறதா? கியூஇஎம்யூ என்ற இலவச மென்பொருள் அதற்குள்ளேயே இன்னொரு கணினியைப் படைக்கும். 1234-ஆம் போர்ட்டில் ஜிடிபி என்ற டீபக்கரை இணைத்துவிட்டால், அந்தக் கெர்னலை எத்தனை முறை வேண்டுமானாலும் விழவைத்துப் பழகலாம். லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது.