இல்லமும் மேசையும்

கணினியைத் திறந்தவுடன் நம் கண்முன் தோன்றும் முகப்பை டெஸ்க்டாப் என்கிறோம். எழுதுமேசையின் மேற்பரப்பு என்பதே அதன் பொருளாம். 1981-ஆம் ஆண்டில் ஸெராக்ஸ் கம்பெனியார் விற்பனைக்குக் கொணர்ந்த ஸ்டார் என்னும் கணினி, ஏடுகளையும் உறைகளையும் சிறு சித்திரங்களாகத் திரைமீது காட்டிற்று. 1984-இல் வெளிவந்த மாக்கின்டாஷ் அம்முறையைப் பலரும் அறியச் செய்தது. இல்லக் கோப்புறையோ யூனிக்ஸ் மரபினது. பலர் கூடி வழங்கும் கணினியில் ஒவ்வொருவர்க்கும் உரியவற்றைத் தனியே வைக்க ஏற்பட்டது. அம்மரபில் வந்த லினக்ஸில் இவ்விரண்டும் உள; ஆங்கு டெஸ்க்டாப் என்பது இல்லத்தினுள் அமைந்த ஒரு கோப்புறையே.

இல்லத்தையே மேசையாக்குதல் இயலுமோ எனின், இயலும். இல்லத்தினுள் கான்ஃபிக் என்னும் மறைவான கோப்புறை ஒன்றுண்டு. அதனுள் யூசர்-டர்ஸ் என்னும் சிறு குறிப்பேட்டில், டெஸ்க்டாப் எவ்விடத்தது என்று கூறும் வரியில் இல்லத்தையே குறித்துவிட்டு, வெளியேறி மீண்டும் உள்நுழைதல் வேண்டும். முகப்பில் கோப்புகளைக் காட்டும் சூழல்களில், இல்லத்துள்ளவை யாவும் அங்கே தோன்றும். மறைவானவை மட்டும் மறைந்தேயிருக்கும். சிலர் டெஸ்க்டாப் கோப்புறையை வேண்டாவென்று அழித்துவிட்டு, மறுமுறை உள்நுழைந்தபோது இல்லம் முழுவதும் திரையில் பரந்திருக்கக் கண்டு திகைப்பர். காணாமற்போன கோப்புறைக்கு ஈடாகக் கணினி இல்லத்தையே கொள்வதே அதன் காரணமாம்.

இதனால் வரும் நன்மை யாதெனின், ஒரு பொருளை ஈரிடத்தில் தேடும் தொல்லை ஒழிகின்றது. ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. திரையில் தோன்றுவது நிழலன்று, பொருளே அது. மேசையைத் துப்புரவு செய்வதாக எண்ணி ஒரு மாணவர் அங்குள்ள கோப்புறையை நீக்கிக் குப்பைக்கூடையையும் காலி செய்வாராயின், ஓராண்டு உழைத்தெழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையும் அதனோடு போய்விடும். அன்றியும், வகுப்பில் கணினித் திரையைச் சுவரிற் பெரிதாக்கிக் காட்டும் ஆசிரியர், தம் கடிதங்களின் பெயரையும் மதிப்பெண் பட்டியலின் பெயரையும் அனைவர்க்கும் காட்டியவராவார்.

ஆதலின் இம்முறையைக் கைக்கொள்வோர் முதற்கண் இல்லத்தை ஒழுங்கு செய்க. தனிக்கோப்புகளைச் சிதறவிடாது, சில கோப்புறைகளில் வகுத்து வைக்க. அருமையானவற்றிற்கு வேறோரிடத்தில் ஒரு படி எடுத்து வைக்க. பின்னரே இல்லத்தை மேசையாக்குக. ஒழுங்குள்ள இல்லமே மேசையாதற்குத் தக்கது.