மலைத் துப்பாக்கியும் அதற்கேற்ற தோட்டாவும்



நாம் வாழும் தெம்பனிஸில் மலை கிடையாது. பால்மரம் நின்ற இடங்களில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதும் இங்கே பெருங்குற்றம். பிறகு ஏன் மலை வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிப் பேச்சு என்று கேட்பீர்கள். காட்டோரத்தில் உழைப்பவரின் உயிர், சுடுகிறவர் எடுத்த தோட்டாவை நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. இந்தத் தீவின் மிளகு, காம்பியர் தோட்டங்களில் புலியால் மாண்ட கூலிகள் பலர். 1860ஆம் ஆண்டையொட்டி, இந்தியக் கைதிகளின் கையிலேயே பழைய மஸ்கட் துப்பாக்கிகளைக் கொடுத்துப் புலி வேட்டைக்கு அனுப்பினார்கள். கடைசிக் காட்டுப்புலி சுவா சூ காங்கில் சுடப்பட்டது 1930இல்தான்.

சரியாகப் படாத குண்டு என்ன செய்யும்? வட இந்தியாவில், குமாவுன் மலைகளிலும் நேபாளத்திலுமாக 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியை 1907இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். வாயைத் திறந்து பார்த்தால், வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. யாரோ என்றோ சுட்ட குண்டின் வேலை. பல் போனதால் இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதரைத் தேடி வந்தது என்பது கார்பெட்டின் முடிவு. அந்தப் பழைய குண்டுக்கு விலை கொடுத்தவர்களில் தழையும் விறகும் சேர்க்கப் போன பெண்கள் எத்தனையோ பேர்.

அந்தப் புலியைக் கொன்றதற்காகக் கார்பெட்டுக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது '.275 ரிக்பி' என்னும் இலேசான துப்பாக்கி. அதன் தோட்டா, ஜெர்மனியின் மௌசர் நிறுவனம் 1890களின் தொடக்கத்தில் வகுத்த 7 மில்லிமீட்டர் தோட்டாவேதான். 1930இல் சௌகர் பெண்புலி சில அடி தூரத்தில் படுத்திருக்கக் கண்டபோது, அவருடைய இடது கையில் பறவை முட்டைகள் இருந்தன. வலது கையால் மட்டும் துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். தாம் பிழைத்ததற்கு அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று, அந்தத் துப்பாக்கி இலேசாயிருந்தது.

சரி, துப்பாக்கி இலேசானால் போதுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'சின்னத் துப்பாக்கிக்குப் பெரிய தோட்டா' என்று ஆசைப்படுகிறார்கள். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். அதே தோட்டாவை 4 கிலோ துப்பாக்கியில் வைத்துச் சுடுவதைவிட, 3 கிலோ துப்பாக்கியில் வைத்துச் சுட்டால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 1963இல் வந்த '.300 வின்செஸ்டர் மேக்னம்' போன்ற பெருந்தோட்டாவைப் போட்டாலோ, 7 மில்லிமீட்டர் தோட்டாவின் உதையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. தோளில் நாலுமுறை அடி வாங்கியவர் ஐந்தாம் முறை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்வார். குண்டு வயிற்றிலோ காலிலோ படும். அப்புறம் சம்பாவத் கதைதான்.

இன்னொன்று. எடை குறைக்கக் குழலை வெட்டிச் சிறிதாக்குவார்கள். பெருந்தோட்டாவின் மருந்து முழுதும் எரிய நீண்ட குழல் வேண்டும். குறுங்குழலில் மீதி மருந்து வெளியே தீயாகவும் இரைச்சலாகவும் போகும். காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராது. ஆகவே சொல்லிச் செய்விக்கிறவர் முதலில் தோட்டாவைத் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற எடையைத்தான் கேட்க வேண்டும்.

விலங்கின் அளவையும் பார்க்க வேண்டும். நீலகிரியிலும் மூணாற்றுத் தேயிலை மலைகளிலும் துரைமார் சுடப்போனது வரையாட்டை. நன்கு வளர்ந்த கிடாயே 100 கிலோ அளவுதான். பருமனுக்கு நீளமான 7 மில்லிமீட்டர் குண்டு அதன் நெஞ்சுவரை ஊடுருவப் போதும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்த வேட்டை சட்டப்படி நின்றது. நல்லதாயிற்று.

சரிவில் சுடும் கணக்கையும் சொல்லிவிடுவோம். 45 பாகைச் சரிவில் 300 மீட்டர் தொலைவில் நிற்கும் ஆட்டுக்கு, கிடைமட்டத் தூரம் 212 மீட்டர்தான். குண்டு தாழ்வது ஏறக்குறைய அந்தத் தூரத்துக்கு ஏற்றபடிதான். 300 என்று எண்ணிக் குறி வைத்தால் குண்டு முதுகுக்கு மேலே போய்விடும். முகட்டில் வானத்தை ஒட்டி நிற்கும் விலங்கைச் சுடவே கூடாது. தவறிய குண்டு 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். அந்தப் பக்கத்துச் சரிவில் கொழுந்து பறிக்கிறவர்கள் இருப்பார்கள்.