கருவுற்ற மகளிர்: உழைப்பும் உடற்பயிற்சியும்

கருவுற்ற பெண்களுக்கு நம் நாட்டில் இருவகை அறிவுரைகள் வழங்கப்படுகின்றன. இரவில் எட்டு மணி நேரமும் பகலில் இரண்டு மணி நேரமும் ஓய்வு கொள்ள வேண்டும் என்பது தாய் சேய் நலப் பணியாளர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் அறிவுரை. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி தேவை என்பது உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல். இவை ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றலாம். ஆனால் இரண்டும் சரியானவையே. எந்த அறிவுரை எவருக்கு உரியது என்பதைப் பகுத்தறிவதிலேயே பயன் அடங்கியுள்ளது.

மாறிவந்த மருத்துவக் கருத்து

கருவுற்ற காலத்தில் உடலை வருத்தினால் கருவுக்குத் தீங்கு நேரும் என்ற அச்சம் மருத்துவர்களிடையேயும் நிலவி வந்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 1985 ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை, பயிற்சியின்போது தாயின் இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 140 ஐத் தாண்டக்கூடாது என வரையறுத்தது. 1994 ஆம் ஆண்டில் இவ்வரம்பு கைவிடப்பட்டது. உடல்நலச் சிக்கல் ஏதுமில்லாத பெண்களுக்கு மிதமான பயிற்சி நன்மையே தருகிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. கர்ப்பகால நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மிகையான எடை கூடுதல், மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு ஆகியவற்றின் வாய்ப்பு இதனால் குறைகிறது. குழந்தையின் பிறப்பு எடைக்கும் கேடு விளைவதில்லை.

பயிற்சியும் பாதுகாப்பும்

நடைப்பயிற்சியே எல்லோருக்கும் ஏற்றது, செலவில்லாதது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். மிதமான பயிற்சிக்கு எளிய அளவுகோல் இதுவே. இதுவரை பயிற்சி செய்து பழகாதவர்கள் சிறிது சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக நேரத்தைக் கூட்டலாம். தசைகளை வலுப்படுத்தும் எளிய பயிற்சிகளையும் மென்மையான நீட்டல் பயிற்சிகளையும் சேர்த்துக் கொள்ளலாம்.

முதல் மூன்று மாதங்களுக்குப் பின்னர் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகள் கூடா. வளர்ந்த கருப்பை, இதயத்திற்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெருநாளத்தை அழுத்தும். விழ நேரும் விளையாட்டுகளையும், மோதலுக்கு இடமுள்ள ஆட்டங்களையும் தவிர்த்தல் வேண்டும். நம் நாட்டுக் கோடையில் உச்சி வெயிலைத் தவிர்ப்பதும், போதிய நீர் அருந்துவதும் இன்றியமையாதவை.

உதிரப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, தலைச்சுற்றல், நெஞ்சுவலி, ஓய்ந்த பின்னும் தணியாத மூச்சுத் திணறல், வலியுடன் கூடிய கருப்பைச் சுருக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். இதய நோய், கட்டுப்படாத இரத்தக் கொதிப்பு, கடும் இரத்தசோகை, குறைப்பிரசவ அறிகுறி ஆகியவை உடையோர் மருத்துவரின் இசைவின்றிப் பயிற்சியைத் தொடங்கலாகாது.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

நாற்று நடுபவரும், செங்கல் சுமப்பவரும், தொலைவிலிருந்து நீர் கொணர்பவரும் 150 நிமிட உழைப்பைப் பெரும்பாலும் ஒரே நாளில் முடித்து விடுகின்றனர். பயிற்சியை வேண்டியபோது நிறுத்தலாம். கூலி வேலையை அவ்வாறு நிறுத்த இயலாது. நெடுநேரம் குனிந்தும் நின்றும் சுமந்தும் செய்யும் இவ்வேலை, போதிய உணவில்லாத உடலிலிருந்து சிசுவின் வளர்ச்சிக்குரிய ஆற்றலையும் எடுத்துக் கொள்கிறது. புனே நகரை அடுத்த ஆறு கிராமங்களில் நடத்தப்பெற்று 2003 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. கருவுற்ற காலத்தின் முற்பகுதியிலும் இடைப்பகுதியிலும் மிகுதியாக உழைத்த தாய்மார்களின் குழந்தைகள், சராசரியாக எடை குறைந்தும் தலைச் சுற்றளவு சிறுத்தும் பிறந்தன.

கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 350 கலோரி தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்துள்ளது. 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இத்தகைய உடலுக்கு முதற்கண் வேண்டுவது உணவும், 180 நாட்களுக்கான இரும்புச்சத்து மாத்திரையும், ஓய்வுமே ஆகும்.

சட்டமும் திட்டமும்

ஓய்வு கொள்ளுங்கள் என்று கூறுவது எளிது. அன்றைய கூலியை இழக்கும் குடும்பத்திற்கு அது எளிதன்று. 1961 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், மகப்பேற்றுக்கு முந்திய ஆறு வாரங்களுக்கு முன்னுள்ள ஒரு மாதத்தில், பெண் வேண்டிக்கொண்டால் கடின வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரலாகாது என விதித்தது. 2017 ஆம் ஆண்டின் திருத்தம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரங்களாக உயர்த்தியது. 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விரு ஏற்பாடுகளும் இடம்பெற்றுள்ளன. எனினும் சொந்த நிலத்திலும் அன்றாடக் கூலிக்கும் உழைக்கும் பெண்களை இவ்வேற்பாடுகள் எட்டுவது அரிது. பிரதமரின் தாய்மை வந்தனத் திட்டம் வழங்கும் நிதியுதவியின் நோக்கங்களுள் ஒன்று, இழந்த கூலியை ஓரளவு ஈடுசெய்து ஓய்வுக்கு வழி செய்வதாகும். இவ்வுதவி மகப்பேறு முடிந்த பின்னர்க் கைக்கு வருமாயின், ஓய்வுக்கு அது பயன்படாது. உரிய மாதத்தில் வழங்குவதே திட்டத்தின் உயிர்நாடி.

முதலில் கேட்க வேண்டியது

ஒவ்வொரு மாதமும் 9 ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கருவுற்ற பெண்களுக்குச் சிறப்புப் பரிசோதனை நடைபெறுகிறது. எடையும் இரத்த அழுத்தமும் அளக்கப்படும் அவ்வேளையில், “நாள் முழுதும் என்ன வேலை செய்கிறீர்கள்?” என்ற கேள்வியும் கேட்கப்படல் வேண்டும். நாற்காலியில் அமர்ந்தே பணிபுரிபவருக்கு நடையையும், தலைச்சுமையுடன் நடப்பவருக்கு ஓய்வையும் அவ்விடையே பரிந்துரைக்கும். அக்கேள்வியைக் கேட்கக் கூடுதல் நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. அவ்விடைக்கேற்ப ஓய்வும் உணவும் கிடைக்கச் செய்வதே அரசுக்கும் சமுதாயத்திற்கும் உரிய பொறுப்பாகும்.