பழைய லான்ட் றோவருக்குப் புதிய எஞ்சின்

நுவரெலியாவைச் சூழ்ந்த மேட்டுப் பாதைகளில், லீக்ஸ் மூட்டைகளும் கரட் மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு, இரண்டாம் கியரில் முனகியபடி ஊர்ந்து செல்லும் பழைய டீசல் லான்ட் றோவரைக் காண்பது அரிதன்று. பின்னால் வரும் பஸ் பொறுமையிழந்து ஹோர்ன் அடிக்கிறது. வண்டியின் பின்புறத்திலோ கரும்புகை சுருள்சுருளாக எழுகிறது. அன்று மாலை வீடு திரும்பும் சொந்தக்காரர், இந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டியே தீரவேண்டுமென்று தீர்மானித்துவிடுகிறார். அத்தீர்மானம் சரியானதாகவும் இருக்கலாம். ஆயினும், அது பல மாத வருவாயை விழுங்கும் காரியம். பிழைத்துப்போனால், கூலிக்கு ஓடும் அந்த வண்டி வாரக்கணக்கிற் கராஜில் நிற்க, வீட்டு அடுப்பும் அதனோடு சேர்ந்து அணைந்துவிடும். ஆதலால், முதலில் ஆராயவேண்டுவது வண்டிக்கு உண்மையில் என்ன நோய் என்பதேயாகும்.

இவ்வகை வண்டிகளிற் பெரும்பாலும் காணப்படுவது 1961ஆம் ஆண்டில் அறிமுகமான 2286 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சின். நிமிடத்துக்கு 4000 சுழற்சியில் 62 பரிவலுவே அதன் உச்ச வலு. அதுவும் கடல் மட்டத்திற் கணித்த அளவு. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டேர்போ இல்லாத எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றும் அந்த அளவுக்குக் குறையவே, 62 என்பது 50ஐ அண்மிவிடுகிறது. டீசல் பம்போ உயரத்தை அறியாது. கொழும்பில் ஊட்டும் அதே அளவு டீசலையே மலையிலும் ஊட்டுகிறது. காற்றுப் போதாமல் எரிந்து முடியாத டீசலே கரும்புகையாக வெளிவருகிறது. மலையிற் புகைக்கும் எஞ்சின் அனைத்தும் செத்துப்போன எஞ்சினல்ல என்பதற்கு இதுவே காரணம்.

புகையின் நிறத்தைக் கவனித்தால் மேலும் சில செய்திகள் கிடைக்கும். கரும்புகை, காற்று வடிகட்டி அடைபட்டதாலோ நொசில்கள் தேய்ந்ததாலோ பம்பின் நேரக்கணிப்புப் பிசகியதாலோ வரலாம். இவற்றைச் சீர்செய்யும் செலவு எஞ்சின் மாற்றும் செலவில் ஒரு சிறு பகுதியே. பழைய லான்ட் றோவரின் காற்று வடிகட்டி எண்ணெய்த் தொட்டி வகையைச் சேர்ந்தது. தொட்டியிற் சேறு படிந்திருப்பதைப் பல ஆண்டுகளாக எவரும் பார்க்காமலே விட்டிருப்பதுண்டு. நீலப்புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காது, காலையில் ஸ்டார்ட் ஆகவும் மறுத்தால், சிலிண்டருக்குள் அழுத்தம் குன்றியிருக்கலாம். டீசலுக்குரிய அழுத்தமானியை நான்கு சிலிண்டர்களிலும் வைத்து அளந்து பார்த்தால் ஊகத்துக்கு இடமிராது. இவை தவிர, இறுகிப் பிடிக்கும் பிரேக்கும் அளவுக்கு மிஞ்சிய பெரிய டயரும் எஞ்சினுக்கு வீண்பழி தேடிக்கொடுப்பவை.

இத்தனைக்கும் பின்னரும் எஞ்சின் உண்மையாகவே தேய்ந்துவிட்டதென்று தெரிந்தால், அதனையே முற்றாகப் புதுப்பிப்பது ஒரு வழி. 1980இன் பின் வந்தவற்றில் கிராங் தண்டை மூன்றுக்குப் பதிலாக ஐந்து தாங்கிகள் தாங்குவதால், புதுப்பிக்க அவையே மேலானவை. 1984இல் வந்த இரண்டரை லீற்றர் எஞ்சினைப் பூட்டுவது இரண்டாவது வழி. அதன் வலு 68 பரிவலு மாத்திரமே. பழைய எஞ்சினின் நெருங்கிய உறவாகையால் பூட்டுவதிற் சிக்கல் குறைவு.

பலருடைய மனத்தைக் கவர்வதோ மூன்றாவது வழி. 1989இல் டிஸ்கவரியிலும், அடுத்த ஆண்டு டிபெண்டரிலும் வந்த 200 ரீடிஐ எஞ்சின், டீசலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிப்பதால் எரிபொருளைச் சிக்கனப்படுத்துகிறது. டேர்போ காற்றை அழுத்தி ஊட்டுவதால் மலையிலும் பெரிதாகத் தளர்வதில்லை. டிபெண்டர் வகையில் அதன் வலு 107 பரிவலு. ஆனால் ஆபத்து இருப்பது பரிவலுவிலன்று, முறுக்கு விசையிலே. பழைய எஞ்சினின் முறுக்கு விசை 103 இறாத்தல்-அடி; புதியதன் விசை 188. ஏறத்தாழ இரு மடங்கான இவ்விசையைத் தாங்கவேண்டியது எஞ்சினன்று. அதன் பின்னாலிருக்கும் கிளச்சும் கியர்ப்பெட்டியும் பின்சக்கரங்களைச் சுழற்றும் அச்சுத் தண்டுகளுமே. பழைய லான்ட் றோவரின் அச்சுத் தண்டுகள் எளிதில் முறிபவை என்பது பெயர்போன குறை. உற்பத்தியாளரே 1979இல் இவ்வண்டியில் வீ8 எஞ்சினைப் பொருத்தியபோது, பழைய கியர்ப்பெட்டியைக் கைவிட்டு, றேஞ் றோவரின் வலிய பெட்டியைப் பூட்டினர். அவர்கள் துணியாத ஒன்றை மலைப்பாதையிற் பாரத்தோடு துணிபவர், குறைந்தது ஆக்சிலேற்றரை மெதுவாக மிதிக்கவாவது பழகிக்கொள்ளவேண்டும்.

வேகத்தை நாடி மாற்றுவோருக்கும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. புதிய எஞ்சினும் ஏறத்தாழ அதே சுழற்சியில் முடிந்துவிடுவதால், பின்னச்சின் 4.7 விகிதக் கியர் இருக்கும்வரை சமதரையில் உச்ச வேகம் அதிகம் உயராது. அதனை 3.54 ஆக மாற்றினால் வேகம் கிடைக்கும். ஆனால் பாரத்தோடு செங்குத்தில் ஊர்வதற்கு உதவிய தாழ்ந்த கியர் பறிபோகும். மரக்கறி ஏற்றுபவருக்கு இது நட்டமே.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பழைய எஞ்சினின் கேம் தண்டைச் சங்கிலி ஓட்டுகிறது. புதியதில் ஒரு பட்டி. அது உரிய காலத்தில் மாற்றப்படாது அறுந்தால், வால்வுகள் பிஸ்டனில் மோதி, ஒரு நொடியில் எஞ்சின் பழுதாகிவிடும். பழைய எஞ்சினை வாங்குபவர், விற்பவர் எது சொன்னாலும், முதலில் இப்பட்டியை மாற்றுவதே புத்தி.

பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஜப்பானிய டீசல் எஞ்சின்களும் கிடைக்கின்றன. உதிரிப்பாகமும் எளிதில் வாங்கலாம். ஆனால் அதற்கும் லான்ட் றோவர் கியர்ப்பெட்டிக்கும் இடையே ஓர் இணைப்புத் தகடு வேண்டும். அத்தகடு ஒரு மயிரிழை கோணினாலும், கியர்ப்பெட்டியின் முன் தாங்கி சிலகாலத்தில் தேய்ந்து ஊளையிடத் தொடங்கும். இவ்வேலையை முன்னர் செய்து, ஓராண்டாவது ஓடிய வண்டியைக் காட்டக்கூடிய கராஜை நாடுவது நலம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக எண்ணவேண்டியது பிரேக்கு. ஏற்றத்தில் விரைவாக ஏறும் வண்டி, அதே பாதையால் பாரத்தோடு இறங்கியும் ஆகவேண்டும். நான்கு சக்கரங்களிலும் உள்ள பழைய டிரம் பிரேக் 62 பரிவலுவுக்கு அமைந்தது. எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைப் பிரேக்குக்கு ஒதுக்க முடியாதவர், எஞ்சினை மாற்றாமல் விடுவதே நன்று.

எஞ்சின் எண் வாகனப் பதிவுச் சான்றிதழிற் குறிக்கப்பட்டிருப்பதால், மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதியவேண்டும். ஆகவே வாங்கும் எஞ்சினின் எண் அழியாமலிருப்பதையும், அதற்குரிய பற்றுச்சீட்டு, சுங்கப் பத்திரம் ஆகியவற்றையும் பணம் கொடுக்குமுன்னரே பார்த்துக்கொள்ளவேண்டும். கழற்றிய பழைய எஞ்சினை உடனே இரும்புக்கடைக்கு அனுப்பாமல், புதியது ஒரு மழைக்காலத்தை மலையிற் கழிக்கும்வரை கொட்டிலில் ஒரு மூலையில் மூடி வைத்திருப்பவர்களும் உளர்.